தம் என்ற சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம்

என் கண்ணே,

மகனுக்கு அறிவுரை சொல்லிக் கடிதம் எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்கும், மூக்குக் கண்ணாடி இருக்கும். எனக்கு இன்னும் இருபது வயது முடியவில்லை. உனக்கு எட்டு மாதம். கூலர் காற்று படும் இடமாகப் பார்த்து விரித்த துப்பட்டியில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். நீ இதைப் படிக்கும்போது உன் அப்பாவின் இன்றைய வயது, இருபத்தைந்து, உனக்கு ஆகியிருக்கட்டும். கல்யாணம்கூட ஆகியிருக்கலாம். பெண்டாட்டி சொல்வதை நம்பி நடக்கிற வயதில், இந்த வீட்டில் ஒருவர் அப்படி நம்பியதால் என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்ததில்லை. இன்று காலை உன் அப்பா என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். அதைப் படித்துக் காட்டிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி மலைக்குப் போகிறார், எடை தூக்குகிறவர்களின் முகாமுக்கு. அங்கே என்ன செய்ய வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று பயிற்சியாளர் இரண்டு பக்கம் ஹிந்தியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பயிற்சியாளரை எல்லாரும் உஸ்தாத் என்பார்கள். உன் அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். தில்லிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் ஹிந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆபீசில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல் என்று உஸ்தாத் சொன்னாராம். வேண்டாம், எங்கள் வீட்டிலேயே டீச்சர் இருக்கிறாள் என்று இவர் வாங்கி வந்துவிட்டார். காலைப் பயிற்சி முடிந்து மாடிப்படி ஏறிய வேகத்திலேயே, கைகூட அலம்பாமல் சிரித்துக்கொண்டே நீட்டினார். போன வருஷம் இதே கை நீட்டிய சீட்டை நான் எப்படிப் படித்தேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டீச்சரம்மா என்று அவர் என்னைக் கூப்பிடுவது கேலிக்குத்தான். நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். இதே தில்லியில், லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்சில் பிறந்து வளர்ந்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவேன். பரீட்சையில் தாள் நிறைய எழுதுவேன், ஆனால் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் முடியாது. விடை தெரியும், வாய் திறக்காது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும், நான் அழுவேன், டீச்சர் உட்காரச் சொல்லிவிடுவார். அம்மா படுத்த படுக்கையானபோது யாராவது வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. நான் இருக்கிறேன் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வந்தது. எல்லாரும் என்னைப் பாவம் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் விடுதலையாக இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து, அப்பா ரிட்டயர் ஆகிக் கும்பகோணத்துக்குத் திரும்புகிற அவசரத்தில், ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலமாக உன் அப்பாவுக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார். பதினெட்டு வயதில் கோட்லாவில் ஒரு மொட்டை மாடி அறைக்குக் குடி வந்தேன். பர்சாத்தி என்பார்கள். நீ பிறந்து வந்ததும் இந்த அறைக்குத்தான்.

உன் அப்பாவின் உத்தியோகம் எடை தூக்கியதால் கிடைத்தது. அதுவும் தற்காலிகம்தான். இலாகாவின் அணியில் இடம் பிடித்துப் போட்டியில் ஜெயித்தால் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு விதமாகத் தூக்குவார்கள். தரையில் இருக்கிற கம்பியை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்கு ஏற்றி, அங்கிருந்து கால்களைப் பரப்பி மேலே உந்துவது ஜெர்க். உன் அப்பாவின் எடை அறுபது கிலோ. ஜெர்க்கில் நூற்று இருபத்தைந்து தூக்குவார், அதற்கு மேல் ஒரு தடவையும் போனதில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சாப்பிடும்போது அவர் வேறு எதுவும் பேச மாட்டார்.

தில்லியில் திரும்பிய பக்கமெல்லாம் மேம்பாலமும் ஸ்டேடியமும் கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. போன வருஷம் மே மாத வெயிலில் தகரக் கூரை போட்ட பயிற்சி ஷெட்டுக்குள் கம்பியைத் தொட முடியாது என்று உஸ்தாத் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சிம்லாவுக்கும் மேலே போய்விட்டார். அப்போது நீ என் வயிற்றில் ஆறு மாதம். கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மா நல்லவள்தான், ஆனாலும் அவள் கதவைத் தட்ட எனக்குக் கூச்சம். பால்காரன் பேசுவதும் நான் தலையாட்டுவதும் தவிர, நாள் முழுவதும் ஒரு சொல் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. உன் அப்பாவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வரும். தலை வலிக்கிறது, சப்பாத்தி உள்ளே போகமாட்டேன் என்கிறது, இரண்டு செட் தூக்கியதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, மூன்றாவது செட்டில் கம்பியைப் போட்டுவிடுகிறேன், கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதுவார். அதைப் படித்து நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். திரும்பி வந்துவிடமாட்டாரா என்ற ஆசையில்தான் ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை முதலில் பார்த்தேன்.

பதினைந்தாவது நாள் வந்தே விட்டார். வைத்தியரிடம் காட்டிக்கொண்டு நாலு நாளில் திரும்பச் சொல்லி உஸ்தாத் அனுப்பியிருந்தார். ஆபீசில் விளையாட்டுப் பிரிவைக் கவனிக்கிற செயலாளரிடம் கொடுக்க ஒரு சீட்டும் எழுதியிருந்தார். உன் அப்பாவின் சட்டை தொளதொளவென்று இருந்தது. சாப்பிட்டு முடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சீட்டை நீட்டினார்.

"படி டீச்சரம்மா. இன்னா எழுதிக்கீறாரு?"

இரண்டே வரி. லட்கே கா தம் அபீ கம் பட் ரஹா ஹை. பையனுக்குத் தம் இப்போதைக்குப் போதவில்லை என்று பொருள். முகாம் லீவைப் பத்து நாள் நீட்டித்துக் கொடுக்கவும் என்பது இரண்டாவது வரி. மகனே, ஹிந்தியில் தம் என்றால் மூச்சு. பலம் என்றும் அர்த்தம் உண்டு. எது என்று அந்தந்த இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இந்த ஊரில் பிறந்தவள், சந்தையிலும் பஸ்ஸிலும் அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் ஆயிரம் தடவை கேட்டவள். கண் இருட்டுகிறது, மூன்றாவது செட்டில் முடியவில்லை என்று அவரே எழுதிய கடிதங்களும் என்னிடம் இருந்தன. படித்த நிமிஷத்திலேயே மூச்சு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தம் குறைஞ்சுடுச்சுன்னு எழுதியிருக்காரு" என்றேன். இப்போதைக்கு என்ற சொல்லை விட்டுவிட்டேன். லீவு வரியை மட்டும் அப்படியே சொன்னேன்.

"தம்முன்னா நம்ம தம்மா? மூச்சா?"

அவரே கேட்டார். சரியான விடையைக் கையில் எடுத்து என் முன்னால் வைத்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினாலே போதும்.

"இல்லீங்க. ஹிந்தியில பலம்னு அர்த்தம்."

அவர் முகம் போன போக்கை உன்னிடம் எப்படிச் சொல்வேன். அடித்தால்கூட ஒரு மனிதன் அப்படி விழமாட்டான். கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பலம் போனவனுக்கு எதுக்குப் பத்து நாள் லீவு" என்றார். சீட்டை ஆபீசுக்கு எடுத்துப் போகவில்லை. மறுநாள் காலையில் உடல்நிலை சரியில்லாததால் முகாமிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று தாமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சீட்டை நான் அலமாரித் தட்டில் விரித்த காகிதத்துக்கு அடியில் வைத்தேன். ஏன் கிழித்துப் போடவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. அவர் அதிகம் பேசவில்லைதான், ஆனால் வீட்டில் இருந்தார். தண்ணீர்க் குடத்தை மாடிக்குத் தூக்கி வந்தார். என் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து, நீ உட்காரு டீச்சரம்மா என்று அவரே ரசம் வைத்தார். உப்பு அதிகம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அவர் வந்த மூன்றாம் நாள் முற்பகலில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் புழுங்கலரிசி வாங்கப் போனோம். போகிற வழியில்தான் ஷெட். பெல்ட்டையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், இனி அதற்கு இங்கே வேலையில்லை என்றார். உள்ளே யாரும் இல்லை, எல்லாரும் மலையில். அவர் பெல்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டுகளை மாட்ட ஆரம்பித்தார். எண்பது தூக்கினார். நூறு. உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டுக்கொண்டார். நூற்றுப் பதினைந்து. நூற்று இருபத்தைந்து மேலே போனபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் சின்னத் தட்டு ஒவ்வொன்று சேர்த்தார். நூற்று இருபத்தேழரை. வாழ்க்கையில் தூக்காத எடை. கம்பி தோளுக்கு ஏறி, ஒரு விநாடி நின்று, தலைக்கு மேல் போய் அசையாமல் நின்றது. பிறகு போட்டார். சிமெண்டுத் தரை அதிர்ந்தது. நீ உள்ளே துள்ளினாய்.

அவர் சிரிக்கவில்லை. பயந்துபோயிருந்தார். எதையாவது தொலைத்தவன் அது தன் சட்டைப்பையிலேயே இருப்பதைக் கண்டால் முதலில் அப்படித்தான் விழிப்பான் போலிருக்கிறது.

"இது இன்னா? பலம் போனவன் தூக்குறதா இது?" என்றார். என் அருகில் வந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. தம்முன்னா பலம்தானா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உஸ்தாத் கொடுத்த நாலு நாளில் இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. தலையாட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். முதல் தடவை அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னது. இரண்டாம் தடவை எந்த ஆசையும் இல்லை. முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடக் கூடாதே என்ற பயம்தான். மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்வேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

அவர் தலையாட்டலை நம்பவில்லை, கம்பியை நம்பினார். அரிசியும் வாங்காமல் என்னை ஸ்கூட்டர் ரிக்ஷாவில் ஏற்றிவிட்டு ஆபீசுக்கு ஓடினார். விலகல் கடிதம் ஏற்கப்பட்டு, அவருடைய இடத்துக்கு வேறொருவர் அன்று காலை பஸ்ஸிலேயே மலைக்குப் புறப்பட்டுவிட்டார். அந்த ஆள் அணியில் சேர்ந்தார், ஜெயித்தார், இன்று அவர் உத்தியோகம் நிரந்தரம். உன் அப்பாவுக்கு இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமாகவே நீட்டித்தார்கள். அந்த ஒரு வருஷம் இந்த ஆகஸ்டில் முடிகிறது. இந்தத் தடவையும் அணியில் இடம் இல்லையென்றால் நாம் மூன்று பேரும் வேலூருக்கு வண்டி ஏற வேண்டியதுதான். அங்கே அவருக்குக் கையில் ஒரு தொழிலும் இல்லை.

முகாம் முடிந்து வந்த உஸ்தாத் நேராக எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். பெரிய உடம்பு, படி ஏறியதில் அவருக்கே மூச்சு வாங்கியது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஏன் விலகினாய் என்று கேட்டார். பலம் போனதென்று நீங்கள்தானே எழுதினீர்கள் என்பதுபோல் உன் அப்பா புஜத்தைத் தொட்டுக் கையை விரித்ததும், சீட்டு எங்கே என்றார். அலமாரிக் காகிதத்துக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சத்தமாகப் படித்தார். பிறகு மார்பில் ஓங்கித் தட்டிக்கொண்டு, "தம்! சான்ஸ், சான்ஸ்!" என்றார். சான்ஸ் என்றால் மூச்சு என்பது உன் அப்பாவுக்கே தெரியும். அதற்கு மேல் அவர் கடகடவென்று பேசியது இவருக்குப் புரியவில்லை. உஸ்தாத் என் பக்கம் திரும்பி, இவனுக்கு எடுத்துச் சொல்லு பேட்டீ, மகளே, என்றார்.

மகனே, என் பொய்யை உடைக்கிற பேச்சை, ஒவ்வொரு வாக்கியமாக நானே தமிழாக்கிச் சொன்னேன். மலையில் காற்று மெலிசு என்று உஸ்தாத் ஆரம்பித்தார். ஆனால் ஒரு தடவை தூக்குவதற்குக் காற்றே தேவையில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே தூக்குகிறோம். இரண்டு மூன்று விநாடி வேலை, அதற்கு வேண்டியது தசைக்குள்ளேயே இருக்கிறது. கம்பியைக் கீழே போட்ட பிறகு, செலவானதை மறுபடி சேர்ப்பதற்குத்தான் காற்று வேண்டும். அங்கே அது சேர நேரமாகும். கீழே மூன்று நிமிஷம் இளைப்பாறுகிறவன் மேலே ஐந்து நிமிஷம் இளைப்பாற வேண்டும். ஒரு செட்டில் எட்டுத் தடவை தூக்குகிறவன் நாலு தடவையோடு நிறுத்த வேண்டும். எடையை மட்டும் குறைக்கக் கூடாது. இவனுடைய முதல் தூக்கு மலையில் கீழே இருந்ததைவிட வேகமாகப் போயிற்று, காரணம் எனக்குத் தெரியாது, கண்ணால் பார்த்தேன். சாப்பிடாமல் அங்கே நிறைய நாள் கிடந்தால் சதை கரையும், அப்போதுதான் பலம் போகும். பத்து நாளில் உடம்பு பழகியிருக்கும், அதற்காகத்தான் அபீ என்று எழுதினேன். இப்படிச் சொன்னார். "அபீன்னா இப்போதைக்குன்னு அர்த்தம்" என்று நான் உன் அப்பாவுக்குச் சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை. யாராவது என் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி நீதானே என்று கேட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

சீட்டைப் படித்தது யார் என்று உஸ்தாத் கேட்டார். கோபம் அதற்குள் குரலில் ஏறிவிட்டது. உன் அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குத் தெரிந்த ஹிந்தி மொத்தம் இருபது சொல் இருக்கும். அத்தனையையும் அன்று எனக்காகச் செலவு செய்தார். "வோ சோட்டி ஹை உஸ்தாத். ஸ்கூல் ஆதா சோட் தியா. உஸ்கோ மாலூம் நஹீ." சின்னவள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், அவளுக்குத் தெரியாது என்றார். உஸ்தாத் என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, என் தலையில் கை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் சொல்லாமல் நின்றது வேறு. இது வேறு. அன்று என்னைத் தெரியாதவள் என்று நினைத்தவர்களால் எனக்கு நஷ்டம். இப்போது அதே பேர் எனக்கு ஒளிந்துகொள்ள இடமாகிவிட்டது. உனக்குச் சொல்ல எனக்கு அறிவுரை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். கூச்சம் ஒரு குற்றம் இல்லை. எனக்கு இருக்கிறது, உனக்கும் வரலாம். நாலு பேர் நடுவில் உனக்குப் பேச வராவிட்டால் யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் உன்னை ஒன்றும் தெரியாதவன் என்று யாராவது அன்பினால் சொல்லும்போது, தெரிந்துகொண்டே அந்த அன்புக்குப் பின்னால் போய் நிற்காதே. வெளியே வர வழி கிடைக்காது. எனக்கு ஒரு வருஷமாகக் கிடைக்கவில்லை. நீ பிறந்த அன்று சொல்ல நினைத்தேன், உன்னைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுததில் விட்டுப்போயிற்று. பொங்கலன்று நினைத்தேன். அவர் ஒரு தடவைகூட, ஒரு சண்டையில்கூட, அந்தச் சீட்டைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அந்தக் கோபத்தில் நானும் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

இன்று காலை அவர் நீட்டிய இரண்டு பக்கத்தையும் வரி வரியாகப் படித்தேன். அபீ வந்த இடத்தில் இப்போதைக்கு என்றேன். ஓரிடத்தில் தம் என்று இருந்தது, இந்த இடத்தில் மூச்சு என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அவர் சுவரில் சாய்ந்து, உன்னை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார். எங்கேயும் நிறுத்தவில்லை, திருப்பிக் கேட்கவில்லை, போன வருஷம் கேட்டதுபோல் மூச்சா பலமா என்று கேட்கவில்லை. முடித்ததும், "இப்ப நல்லாப் படிக்கிற டீச்சரம்மா. ஒரு வருஷத்துல இன்னாமா கத்துக்கினு இருக்க" என்றார். என்னைத் தட்டிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார். நான் ஹிந்தியில் ஒரு சொல்கூடப் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை, மகனே. போன வருஷமே எனக்கு இவ்வளவும் தெரியும்.

அவர் ஆபீசுக்குப் போனதும் இந்தத் தாளை எடுத்தேன். உனக்கு என்று ஆரம்பித்தேன், உனக்காகத்தான் என்று இவ்வளவு தூரம் எழுதியும் விட்டேன். எழுதிக்கொண்டு வரும்போதே ஒன்று உறைத்தது. நீ தில்லியில் வளரப்போகிறவன். இந்தத் தெருவில் நம் பிள்ளைகளைப் பார்க்கிறேன், அம்மா அப்பாவோடு தமிழில் பேசுகிறார்கள், தமிழ் எழுத்தைக் கண்டால் ஓடுகிறார்கள். இருபத்தைந்து வயதில் நீ இதைப் பிரித்தால் உனக்கு முதல் வரி எழுத்துக்கூட்ட வருமோ என்னவோ. இந்த வீட்டில் தமிழில் எழுதிய ஒரு தாளை எடுத்து நேராகப் படிக்கக்கூடியவர் என்னைத் தவிர ஒருவர்தான் இருக்கிறார். உன் அப்பாவிடமிருந்து மறைத்து வைக்க வேண்டும் என்று நான் உண்மையிலேயே நினைத்திருந்தால், இதை ஹிந்தியில் அல்லவா எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. மலைமேல் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. நான் எதிரில் இருக்கும்போது படிக்கட்டும். அவர் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவார். உன்னைத் தூக்கிக்கொள்ள அவர் கை நீட்டும்போது முதலில் இதைக் கொடுப்பேன். படி என்பார், பழக்கத்தில். இல்லீங்க, இது தமிழ், நீங்களே படிங்க என்பேன்.

உன் அம்மா